தோட்டத்து வீட்டுச் சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

திருப்பூர் தம்பி: நேற்று நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவிநாசி ரோட்டில் ரோந்து போலீஸ் நிறுத்தினார்கள். பேர், ஊர், கம்பெனி எல்லாம் கேட்டு அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். கூட வந்த பீகார் பையனிடம்தான் கேள்வி அதிகம். சந்தேகமாம்.

பெருந்துறை மாமா: ராத்திரி ஒரு மணிக்குப் போனால் கேட்கத்தான் செய்வார்கள் மாப்பிள்ளை. கிணற்று மோட்டார் ஒயர் திருட்டுப் போனப்போ, ரோந்தே வருவதில்லை என்று நாம்தானே கத்தினோம்?

திருப்பூர் தம்பி: கேட்டது தப்பில்லைங்க மாமா. "ஸ்டேஷனுக்கு வா, அங்கே பேசலாம்" என்றார்கள்.

வக்கீல் அத்தை: நிறுத்திக் கேட்பது வேறு, பிடித்துக்கொண்டு போவது வேறு கண்ணு. வாரண்ட் இல்லாமல் கைது செய்ய, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவுப்படி புகாரோ, நம்பத்தகுந்த தகவலோ, நியாயமான சந்தேகமோ இருக்கணும். ஆள் வடக்கத்திக்காரன் என்பது அதில் சேராது.

அப்பிச்சி: அந்தச் சட்டத்தின் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும் 😄

ஒஹையோ அண்ணன்: இங்கே கிளீவ்லாந்தில் ஒரே கடை ஜன்னலை இரண்டு பேர் மாறி மாறி எட்டிப் பார்த்தார்கள். துப்பறியும் போலீஸ்காரர் நிறுத்தித் தடவிப் பார்த்தார், துப்பாக்கி இருந்தது. டெர்ரி வழக்கு. 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சரி என்றது. ஆனால் எதைப் பார்த்துச் சந்தேகப்பட்டேன் என்று போலீஸ் சொல்லியாகணும், "மனசுக்குத் தோணுச்சு" செல்லாது. ஆயுதம் இருக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் உடம்பைத் தடவலாம்.

பெருந்துறை மாமா: நம்ம ஊரில்?

வக்கீல் அத்தை: அவ்வளவு தெளிவான அளவுகோல் இல்லைங்க அண்ணா. 2024 ஜூலையில் வந்த அதே புதுச் சட்டத்தின் 172ஆம் பிரிவு, போலீஸின் சட்டப்படியான உத்தரவுக்குக் கட்டுப்படணும் என்கிறது. மறுத்தால் பிடித்து வைக்கலாம், சின்ன விஷயமென்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடணும். எனக்கு அது பிடிக்கவே இல்லை. உத்தரவு சட்டப்படியானதா என்று நடுராத்திரியில் ரோட்டில் யார் பார்ப்பது?

அப்பிச்சி: என்னைக் கூப்பிட்டால்?

வக்கீல் அத்தை: 60 தாண்டியவர்களைச் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாதுங்கப்பா. வீட்டுக்குத்தான் வரணும். பெண்களுக்கும் அப்படித்தான்.

அப்பிச்சி: வரட்டும், காப்பி கொடுக்கலாம்.

வக்கீல் அத்தை: தம்பி, கம்பெனி கார்டைக் கையில் வை. கேட்டதற்குப் பதில் சொல், எகிற வேண்டாம். கைது என்றால் காரணம் சொல்லணும், வீட்டுக்குத் தகவல் தரணும், போலீஸின் பேர் தெரியும்படி பேட்ஜ் இருக்கணும்.

திருப்பூர் தம்பி: சரிங்க அத்தை. இதை அந்தப் பையனுக்கு இந்தியில் ஒரு வாய்ஸ் நோட்டாகப் போடுங்களேன்.

வக்கீல் அத்தை: எனக்கேது இந்தி? சிப்காட்டில் இருக்கிற உன் மாமாவைக் கேள்.

பெருந்துறை மாமா: சாப்பிட்டுவிட்டுப் போடுகிறேன்.