சித்திரை முதல் நாளில் குழந்தைக்கு எதைக் காட்டலாம்?

கேள்வி – பாளையங்கோட்டைப் பெண்

வணக்கம். பதினோரு ஆண்டுகளாகப் புனேயில் வசிக்கிறோம். இந்த ஏப்ரல் 14 அன்று, சித்திரை விசுவுக்கு, என் ஆறு வயது மகளை முதன்முறையாகப் பாளையங்கோட்டையில் உள்ள தாய்வீட்டுக்கு அழைத்து வருகிறேன். புத்தாண்டு என்றாலே டிசம்பர் 31 இரவின் கேக்கும் வாணவேடிக்கையும்தான் என்று அவள் எண்ணியிருக்கிறாள். செலவு பிடிக்கும் எதையும் நான் தேடவில்லை. நம் பக்கத்துச் சித்திரையில் கிடைக்கும் சிறு இன்பங்களில் அவள் மனத்தில் தங்கக்கூடியவை எவை என்று சொல்லுங்கள். மூன்று நாள்கள் இருப்போம்.

பதில் – அம்பை வாசகர்

கனி காண்பதில் தொடங்குங்கள் அம்மா. முந்தைய இரவு, குழந்தை உறங்கிய பிறகு, தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, மாம்பழம், பலாச்சுளை, வாழைப்பழம், வெள்ளரிக்காய், கொன்றைப்பூ, கொஞ்சம் நகை, நாணயம் எல்லாவற்றையும் அடுக்கி, பின்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். விடியலில் ஆச்சிதான் குழந்தையின் கண்களைப் பொத்தியபடி அழைத்து வர வேண்டும். என் சிறுவயதில் கண் திறக்கும் முன்பே பலாவின் மணம் வந்துவிடும். பூசையறைக்கு இன்னும் எத்தனை எட்டு இருக்கிறது என்று அந்த மணத்தை வைத்தே கணக்கிடுவேன். கையை எடுத்ததும் விளக்கொளியில் கொன்றையின் மஞ்சளும், அதற்குப் பின்னே கண்ணாடியில் தூக்கம் கலையாத என் முகமும் தெரியும். அதன் பிறகு கைநீட்டம், அதாவது பெரியவர்கள் கையில் தரும் காசு. தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பளபளக்கும் புது நாணயமே குழந்தைக்குப் போதும்.

பதில் – பனங்காட்டு ஊர்க்காரன்

கனி கண்ட கையோடு பதனீர் குடிக்க அழைத்துச் செல்லுங்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் பாளையிலிருந்து சொட்டும் சாறு புளித்துக் கள்ளாகாமல் இனிப்பாகவே நிற்கிறது. ஆனாலும் வெயில் ஏற ஏறச் சுவை மாறிவிடும் என்பதால், காலை எட்டு மணிக்குள் போய்விடுவது நல்லது. நுங்கைப் பிதுக்கிப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் குவளையில் மட்டும் வாங்க வேண்டாம். ஓலையை மடித்துக் கட்டிய பட்டையை இரு கைகளாலும் ஏந்தி, முகத்தை அதற்குள் புதைத்துக் குடிக்கும்போது மூக்கில் ஏறும் பச்சை ஓலையின் வாசம் இல்லாத பதனீரை நான் பதனீர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதில் – ஆற்றங்கரை

பாபநாசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகத்தியருக்குச் சிவபெருமான் திருமணக் கோலத்தில் காட்சி தந்த தலம் என்பதால் அங்கே விசுத் திருவிழா விசேஷம். நவகைலாயங்கள் என்னும் ஒன்பது சிவத்தலங்களில் அது சூரியனுக்குரியது. சூரியன் மேட ராசியில் நுழையும் நாளில் அங்கே தாமிரபரணியில் நீராடுவதை நம் முன்னோர் பெரிதாகக் கருதியதில் வியப்பில்லை. முதல் நாள் கூட்டம் நெரியும் என்பதால், சின்னக் குழந்தையோடு மறுநாள் போவதே சரி. பொரி வாங்கிக்கொள்ளுங்கள். படித்துறையில் உட்கார்ந்து தூவினால் மீன்கள் காலடியில் வந்து மொய்க்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. எல்லாவற்றையும் அம்மாவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். கொல்லையில் வேம்பு பூத்து உதிர்கிறதாம். இரவில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்து, விடிந்ததும் பேத்தியையே பூவைச் சேர்க்கச் சொல்லப்போவதாகவும், அதைத்தான் மாங்காய்ப் பச்சடியில் போடப்போவதாகவும் சொன்னார்கள். அந்தக் கசப்பைக் குழந்தை தாங்குவாளா?

பதில் – அம்பை வாசகர்

தாங்குவாள். பூவைக் காம்பு நீக்கி, நெய்யில் சிவக்க வறுத்துத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, பச்சடியை இறக்கிய பிறகு தூவச் சொல்லுங்கள். அவள் கிண்ணத்தில் நான்கைந்து பூக்கள் போதும். அவள் பொறுக்கிய பூவை அவளே தூவட்டும்.