உறைபதம் என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

திங்கட்கிழமை தஞ்சாவூரில் செவிலியர் வகுப்பு. எக்மோவில், அதாவது இதயம், நுரையீரலின் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் இயந்திரத்தில், இருக்கும் பச்சைக் குழந்தைக்கு ரத்தம் உறையாமல் வைக்கும் ஹெப்பாரின் மருந்து ஓடும்போது ரத்தத்தை எப்படிக் கவனிப்பது என்பதுதான் பாடம். முழுவதும் தமிழாக்கிவிட்டேன், தலைப்பு மட்டும் அமையவில்லை.

திருவாரூர் ஐயா தந்த 'குருதி உறைவுத் தடுப்புக் கண்காணிப்பு' இலக்கணப்படி சரி. எனக்கு உறுத்துவது 'தடுப்பு'. தடுப்பூசி, தடுப்பணை என்று பழகிய காதுக்குத் தடுப்பு என்றாலே நல்லது, கூடக் கூட நல்லது. இங்கே அப்படி இல்லை. மருந்து குறைந்தால் குழாயிலும் செயற்கை நுரையீரலிலும் ரத்தம் கட்டிக்கொள்ளும். கூடினால் குழந்தையின் மூளைக்குள் கசியும். 3 கிலோ குழந்தைக்கு மொத்த ரத்தமே ஏறக்குறைய கால் லிட்டர். சோதனைக்கு எடுப்பதும் அதிலிருந்துதான்.

ஹெப்பாரின் தனியாக வேலை செய்யாது. ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தைத் தூண்டிவிட்டுத்தான் செய்யும். பிறந்த குழந்தையிடம் அது பெரியவர்களுக்கு இருப்பதில் பாதி அளவுதான் இருக்கும். ஆகவே எடைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று படுக்கையருகே பார்க்கும் ஏ.சி.டி. சோதனை 180 முதல் 220 நொடிக்குள் நிற்க வேண்டும் என்பது வெகுநாள் வழக்கம். ஹெப்பாரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் ஆன்டி டென்-ஏ சோதனை என்றால் மில்லிலிட்டருக்கு 0.3 முதல் 0.7 யூனிட். குழந்தைக்கு மஞ்சள் காமாலை மிகுந்திருந்தால் இந்த இரண்டாவது சோதனை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். அதை நம்பி மருந்தை ஏற்றிவிட்டால் என்ன ஆகும்?

இரண்டு பக்கமும் ஆபத்து என்பதைச் சொல்லும் ஒரு சொல் வேண்டும். பாகு காய்ச்சுகிறவர் அடுப்பைவிட்டுக் கண்ணெடுக்காமல் பார்ப்பது பதம். முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது. ஆகவே 'உறைபதம்', 'உறைபதம் பார்த்தல்' என்று வைக்கலாமா?

தஞ்சாவூரிலிருந்து

---

அம்மா,

சோற்றுப்பதம் தமிழ்ப் பதமே. சொல்லைக் குறிக்கும் வடமொழிப் பதம் வேறு. அதில் எனக்கு மறுப்பில்லை. 'உறை' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சங்கப் பாட்டில் உறை என்றால் மழைத்துளி. தங்குவதும் உறைதல்தான், உறைவிடம் அப்படி வந்தது. உறையூருக்கும் அதையே காரணம் சொல்வார்கள். நம் ஆற்றுப் படுகையில் சுடுமண் வளையம் அடுக்கி இறக்கியது உறைகிணறு. ஓடுவது நின்று தங்குவதே இவற்றின் வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். தொல்காப்பியரோ மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா, அதாவது சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பார்த்தவுடன் விளங்காது, என்று சொல்லிவைத்திருக்கிறார்.

இனி மறுப்பு. கம்பிப் பதம் என்றால் பாகு கம்பியாக விழும் நிலை. அந்தக் கணக்கில் உறைபதம் என்றால் ரத்தம் உறைந்துவிடும் நிலை. நீங்கள் வேண்டுவது நேர்மாறு அல்லவா?

திருவாரூரிலிருந்து

---

அக்கா,

ஐயா சொல்வது சரி. இன்னொன்றும் இருக்கிறது. கத்தி பதம் பார்த்தது என்றும் சொல்கிறோமே? தொட்டிலருகே நிற்கிற தாயிடம் 'பதம் பார்க்கிறோம்' என்றால் வயிறு கலங்கிவிடும். 'குருதி'யும் வேண்டாம், அது போர்க்களத்துச் சொல்லாகத்தான் அவள் காதில் விழும்.

ஊரில் 'ரத்தத்தை இளக்குகிற ஊசி' என்கிறார்கள். அதுவும் தவறு. ரத்தம் இளகுவதில்லை, கட்டுவதற்கு நேரம் கூடுகிறது. நாற்று நடும்போது அட்டை கடித்த இடத்தில் வெகுநேரம் ரத்தம் வடியும். அதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அந்த அட்டையின் எச்சிலில் உள்ள பொருளைப் பார்த்துச் செய்ததுதான் பைவலிருடின் என்ற மருந்து. அதற்கு ஆன்டித்ராம்பின் துணை வேண்டாம் என்பதையும் பாடத்தில் ஒரு வரி சேருங்கள்.

'ரத்த உறைவுக் கண்காணிப்பு' போதும். தடுப்பையும் பதத்தையும் விட்டுவிடுவோம்.

கும்பகோணத்திலிருந்து

---

ஐயாவின் மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. நான்கு பேர் கும்பகோணத்தார் பக்கம் வந்துவிட்டார்கள், நாளை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். அதையே போடுகிறேன். இரண்டு பக்க ஆபத்து தலைப்பில் வரவில்லையே என்ற குறை எனக்கு இருக்கத்தான் செய்கிறது. அட்டையையும் பாகையும் வகுப்பில் வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து

---

குருதி வேண்டாமென்றால் இரத்தம் என்றாவது எழுதுங்கள், அம்மா. தமிழில் ரகரம் மொழிக்கு முதலில் வராது.

திருவாரூரிலிருந்து