பிறக்கப்போகும் குழந்தைக்கு முதல் கார் சீட்: கூடை வகையா, நிலையாகப் பொருத்தும் வகையா?

குடந்தைக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் வசிக்கிறேன். வைகாசிக் கடைசியில் எங்களுக்கு முதல் குழந்தை பிறக்க இருக்கிறது. வளைகாப்பு முடிந்து மனைவி மன்னார்குடியில் தாய் வீட்டில் இருக்கிறார், பிரசவமும் அங்கேதான். குழந்தையை ஐந்தாம் மாதத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வரலாம் என்று பெரியவர்கள் பேசி வைத்திருக்கிறார்கள். ஆகவே முதல் சில மாதங்களில் குழந்தை பயணம் செய்யப்போவது பெரும்பாலும் வாடகைக் காரில்தான். மாமனாரிடம் கார் இல்லை.

என்னிடம் 2015ஆம் ஆண்டில் வாங்கிய சிறிய ஹேட்ச்பேக் கார் இருக்கிறது. பின் இருக்கையின் இரு ஓரங்களிலும் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் சீட் பெல்ட் உண்டு. நடுவில் இடுப்புக்கு மட்டும். பெல்ட் இல்லாமல் குழந்தை சீட்டை நேரே காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இல்லை. கைப்பிடியுடன் தூக்கிச் செல்லக்கூடிய கூடை போன்ற சீட் ஒன்றும், பிறந்தது முதல் 18 கிலோ வரை என்று அச்சிட்ட பெரிய சீட் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். இதற்கிடையில், அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் அங்கிருந்தே ஒன்றை வாங்கி வருவதாகச் சொல்கிறார். மாமியாரோ, பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளாமல் நாற்காலியில் கட்டிப்போடுவதா என்று வருத்தப்படுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை, எதை வாங்குவது என்றும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெட்டாற்றங்கரை

சகோதரருக்கு வணக்கம், முன்கூட்டியே வாழ்த்துகள். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வகையையும் வாங்கிப் பார்த்தவள் என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் நிலைமையில் கூடை வகைதான் சரி. காரணம், உங்கள் சீட் ஒரே காரில் இருக்கப்போவதில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு ஒரு வாடகைக் கார், ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் தடுப்பூசிக்கு வேறு ஏதோ ஒரு வண்டி, ஐந்தாம் மாதத்தில் உங்கள் கார் என்று அது கைமாறிக்கொண்டே இருக்கும். 18 கிலோ வரை என்னும் பெரிய சீட் கனமானது. அதை ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவது ஒரு வேலை, அவசரத்தில் தளர்வாக மாட்டிவிடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. அந்த வகை பிறந்த குழந்தைக்கும் பொருந்தும் என்று அட்டையில் இருக்கும்; ஆனால் பின்னோக்கி உட்காரும் குழந்தைக்குத் தோள்பட்டைகள் அதன் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வெளிவர வேண்டும். சில பெரிய சீட்களில் மிகக் கீழே உள்ள துளையே மூன்று கிலோ குழந்தையின் காது உயரத்தில் இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூடை வகை 13 கிலோ வரைதான், அதற்கு முன்பே தலை விளிம்பைத் தொட்டுவிடும் என்பதால் ஓராண்டு சொச்சத்தில் இன்னொரு சீட் வாங்கத்தான் வேண்டும். அந்தச் செலவுக்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது பெல்ட்டின் நீளம். கூடை வகையில் இடுப்புப் பட்டை குழந்தையின் கால் பக்கமாகவும் தோள்பட்டை கூடையின் முதுகைச் சுற்றியும் செல்லும். சிறிய கார்கள் சிலவற்றில் பின் பெல்ட் அவ்வளவு தூரம் வராது. எனவே படத்தைப் பார்த்து இணையத்தில் வாங்காமல், உங்கள் காரைக் கடைவாசலுக்கே ஓட்டிச் சென்று மாட்டிப் பார்த்து வாங்குங்கள். மாட்டிய பிறகு பெல்ட் செல்லும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. சீட்டின் பக்கவாட்டில் ஒரு கோடு வரைந்திருப்பார்கள். அது தரைக்கு இணையாக இருந்தால் சாய்வு சரி. ஆற்றங்கரைச் சரிவில் வண்டியை நிறுத்திக்கொண்டு இதைப் பார்க்க வேண்டாம். நம் பக்கத்தில் சமதளத்துக்கா பஞ்சம்!

சீட்டின் அடியிலோ பின்புறமோ ஓர் ஆரஞ்சு நிற ஒட்டு இருக்கும். வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஓர் எண்ணும், கூடவே ஆர் 44/04 அல்லது ஆர் 129 என்றும் இருந்தால் அது ஐரோப்பியப் பொருளாதார ஆணைய விதியின்படி சோதிக்கப்பட்டது. நம் நாட்டுத் தரம் ஏ.ஐ.எஸ். 072. ஆர் 44 எடையை வைத்துப் பிரிக்கிறது. ஆர் 129 உயரத்தை வைத்துப் பிரிப்பதோடு, பக்கவாட்டு மோதலையும் சோதித்து, குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கியே வைக்கச் சொல்கிறது. ஆர் 129 நல்லதுதான். ஆனால் அவற்றில் பல ஐசோஃபிக்ஸ் கொக்கியை நம்பியே செய்யப்பட்டவை. பெல்ட்டாலும் கட்டலாம் என்று கையேட்டில் தெளிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மைத்துனரின் அன்பை மறுப்பது கடினம், ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். அமெரிக்கக் கார்களில் பின் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துவிட்டால், அது உள்ளே திரும்பும்போது பூட்டிக்கொண்டே போகும். அங்கு விற்கும் பல சீட்கள் அந்தப் பூட்டை நம்பித்தான் இறுக்கப்படுகின்றன. நம் கார்களில் இருப்பவை பெரும்பாலும் வெடுக்கென்று இழுத்தால் மட்டுமே பூட்டும் பெல்ட்கள். சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு இல்லையென்றால், வண்டி ஓட ஓட அது தளர்ந்துவிடும். அவரை வேறு ஏதாவது வாங்கி வரச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பங்குனியில், பாபநாசம் தாண்டிச் சாலையில் பாதியை அடைத்து உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். எதிரே பேருந்து வந்தது. கணவர் பிரேக்கை மிதித்தார். மூத்தவளின் சீட் ஒரு சாண் தூரம் வழுக்கிச் சென்று முன் இருக்கையின் முதுகில் இடித்து நின்றது. அவள் விழிக்கக்கூட இல்லை. இறங்கிப் பார்த்தபோதுதான், இடுப்புப் பட்டை அதற்குரிய நீல நிற வழியில் செல்லாமல் கைப்பிடிக்கு மேலே போயிருந்தது தெரிந்தது. மாட்டியது நான்தான்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், திருவையாறு

தம்பி, உங்கள் மாமியாருக்கு நான் பதில் எழுதுகிறேன். பள்ளியில் இயற்பியல் நடத்தியவன்.

வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். எதிலாவது மோதி, பத்தில் ஒரு நொடியில் அந்த வேகம் பூச்சியமானால், உள்ளே இருப்பவை யாவும் தம் எடையைப் போல ஏறத்தாழ 14 மடங்கு விசையோடு முன்னே பாயும். மூன்றரைக் கிலோ குழந்தை அந்த நேரத்தில் ஐம்பது கிலோ கொண்ட ஒரு முழு டி.ஏ.பி. உர மூட்டைக்குச் சமம். மூட்டையைத் தோளில் ஏற்றுகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். பாய்ந்து வரும் மூட்டையை உட்கார்ந்த இடத்திலிருந்து கையால் பிடித்து நிறுத்துகிறவர் எவரும் இல்லை. பாட்டியும் பெல்ட் போடாமல் இருந்தால் அவர் எடையும் சேர்ந்து குழந்தையின் மேல் விழும். இது பாசத்தில் குறை சொல்வது அல்ல, வெறும் கணக்கு.

பின்னோக்கி ஏன் வைக்க வேண்டும் என்பதும் இதே கணக்குதான். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலை. அதைத் தாங்கும் கழுத்து இன்னும் உறுதிப்படவில்லை. முன்னோக்கி உட்கார்த்தினால் உடலைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் எறியப்படும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு ஒன்றாக ஏந்திக்கொள்ளும். இதனால்தான் காற்றுப்பை (ஏர்பேக்) உள்ள முன் இருக்கையில் பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக்கூடாது. விரியும் பை குழந்தையின் தலைக்குப் பின்னுள்ள சீட் ஓட்டின் மீதே அறையும்.

சட்டமும் இதைச் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையைச் சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். மாமியாரிடம் அபராதத்தைச் சொல்ல வேண்டாம், மூட்டையைச் சொல்லுங்கள்.

நீடாமங்கலம் வண்டிக்காரர்

ஐயா எழுதியது சரியாக இருக்கலாம். ஆனால் மருத்துவமனையிலிருந்து வீடு நான்கு கிலோமீட்டர் என்றால் அதற்கு எட்டாயிரம், பத்தாயிரம் செலவா என்று கேட்பவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன், பலரால் முடியாது. முடிந்தவர்கள் செய்யட்டும். பதினைந்து ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டுகிறேன் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் வண்டிகளில் பலவற்றில் சீட் உறை போட்டபோது பின் பெல்ட்டின் பக்கிள் உறைக்கு அடியில் போய்விட்டிருக்கும். வண்டிக்குச் சொல்லும்போதே, பின் பெல்ட் இரண்டையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். குழந்தை தொட்டிலிலிருந்து இறங்கும் நேரத்தில் ஓட்டுநர் உறையைக் கிழித்துக்கொண்டு நிற்கக்கூடாது.

செவிலித் தாய்

எல்லோரும் மோதலைப் பற்றி எழுதிவிட்டார்கள். நான் மூச்சைப் பற்றி எழுதுகிறேன். பிரசவ வார்டில் பணி செய்கிறேன்.

பச்சைக் குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை முன்னே கவிழ்ந்து, தாடை நெஞ்சில் ஒட்டி, மூச்சுக்குழல் மடங்கக்கூடும். சாய்வு சரியாக இருந்தால் தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையே ஒரு விரல் நுழையும். தலை பக்கவாட்டில் சாய்கிறது என்றால், மெல்லிய பழைய வேட்டித் துணியைச் சுருட்டித் தலையின் இரு பக்கமும் வைக்கலாம். முதுகுக்குப் பின்னாலோ பட்டைக்கு அடியிலோ எதையும் வைக்கக்கூடாது. குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு பட்டை போடுவதும் தவறு. கை கால் வெளியே இருக்க, பட்டையை முதலில் இறுக்கிவிட்டு, துணியை மேலே போர்த்துங்கள். இறுக்கம் சரிதானா என்று அறிய, தோள் எலும்பருகே பட்டையைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் தளர்வாக இருக்கிறது.

முதல் சில வாரங்களில் அரை மணிக்கு மேல் தொடர்ந்து சீட்டில் வைக்க வேண்டாம்; ஐந்தாம் மாதத்தில் மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் வரும்போதும், இடையில் வலங்கைமானில் நிறுத்தி எடுத்துப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். வீடு வந்ததும், தூங்குகிறதே என்று கூடையிலேயே விட்டுவிடாமல் தட்டையான படுக்கைக்கு மாற்றுங்கள். குறைமாதத்தில் பிறந்தாலோ, எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, சீட்டின் குறைந்தபட்ச எடையைப் பார்த்து, மருத்துவரைக் கேட்டபின் உட்கார்த்துங்கள்.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். வைகாசியில் ஒரு மணி நேரம் வெளியே நின்ற காரில் கறுப்புத் துணியும் பக்கிளின் உலோகமும் தோலைச் சுட்டுவிடும். முதலில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெயில் படுகிறது என்று கூடையின் மேல் முழுவதுமாகத் துணியைப் போட்டு மூடாதீர்கள், உள்ளே காற்று நின்றுபோகும். கண்ணாடியில் திரை கட்டுங்கள். பாட்டி குழந்தைக்குப் பக்கத்து இருக்கையில், பெல்ட் போட்டுக்கொண்டு, முகத்தைப் பார்த்தபடி உட்காரட்டும். ஓட்டுகிறவரால் பார்க்க முடியாததை அவரால் பார்க்க முடியும்.

குடந்தைக்காரன்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்; அனைவருக்கும் நன்றி. தஞ்சாவூரில் ஒரு கடைக்குக் காரை எடுத்துச் சென்றேன். முதலில் பார்த்த கூடை சீட்டுக்கு என் கார் பெல்ட் நான்கு விரற்கடை போதவில்லை; படத்தைப் பார்த்து வாங்கியிருந்தால் வீட்டில் வைத்து அழகுதான் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது சீட் இடது ஓரத்தில் நன்றாக உட்கார்ந்தது. முன் இருக்கையைச் சற்று முன்னே தள்ள வேண்டியிருந்தது, உயரமானவர் அங்கே உட்கார முடியாது, பரவாயில்லை. ஒட்டில் ஆர் 44/04, 0 முதல் 13 கிலோ வரை என்று இருக்கிறது. உறவினர் ஒருவர் பழைய சீட் தருவதாகச் சொன்னார். அது விபத்தில் சிக்கிய காரில் இருந்ததா என்று அவருக்கே நினைவில்லை என்பதால் மரியாதையாக மறுத்துவிட்டேன்.

மூன்று கிலோ பொன்னி அரிசியைத் துணிப்பையில் கட்டி, அதற்குப் பட்டை போட்டுப் பழகி வருகிறேன். முதல் நாள் பதினொரு நிமிடம் ஆனது, இப்போது நான்கு. நேற்று வீடியோ அழைப்பில் மாமியாருக்கு அதைக் காட்டி உர மூட்டைக் கணக்கையும் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தலைக்குப் பக்கத்தில் வைக்கும் துணிச் சுருளுக்கு வேட்டி எத்தனை சாண் கிழிக்க வேண்டும் என்று கேட்டார். செவிலித் தாய் அவர்கள் அந்த அளவைச் சொன்னால் உதவியாக இருக்கும்.