மறு: மறு: கண்ணுக்குள்ளிருந்து எடுக்கும் நீருக்குத் தமிழில் என்ன?

எல்லாருக்கும் வணக்கம்.

கண் கிளினிக்குக்கான துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இன்னும் தலைப்பே இல்லை.

'கண்நீர்ச் சோதனை' என்று நான் எழுதியதும் ஆசிரியர் ஐயா நன்னூலைத் திறந்துவிட்டார். 'ணளமுன் டணவும்' என்ற விதிப்படி அது 'கண்ணீர்' ஆகியே தீருமாம். புணர்ச்சி சரி ஐயா. ஆனால் 'கண்ணீர்ச் சோதனை' என்று வாசிக்கிற அம்மா, அழுது காட்டினால் போதும் என்று நினைத்துக்கொண்டு வருவா. அவவின் கண்ணுக்குள் ஊசி ஏற்றப்போகிறார்கள்! கதிராளிக்கு (கண்ணின் நிற வளையத்துக்கு) முன்னால் உள்ள அறையில் இருக்கிற நீரே ஏறக்குறைய கால் மில்லிலீற்றர், அதில் 0.1 அல்லது 0.2 எடுப்பார்கள். அந்தத் துளியில் பிசிஆர் (கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் காணும் சோதனை) செய்து, கண் அழற்சிக்குக் காரணம் ஹேர்பிஸ் இனத்து வைரஸா, டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியா என்று தேடுவார்கள். இரத்தத்தில் பிறபொருளெதிரி (கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் புரதம்) இருந்தால், அந்தக் கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்தது என்றுதான் தெரியும். கண்ணுக்குள்ளேயே பிறபொருளெதிரி உருவாகிறதா என்று அறிய, கண்நீரில் அது இருக்கிற அளவையும் இரத்தத்தில் இருக்கிற அளவையும் ஒப்பிடவேண்டும். (திரும்பவும் 'கண்நீர்' என்று எழுதிவிட்டேன், மன்னியுங்கள்.)

'நீர்மயவுடனீர்' என்பது இந்த நீருக்கு எங்கள் இலங்கைப் பள்ளிப் புத்தகச் சொல். சென்னை நண்பரோ, "உடனீர் என்றால் உடனே எடுக்கிற நீரா?" என்று கேட்கிறார். அவரில் பிழையில்லை.

கண்ணின் நடுப்படலமான யூவியாவுக்கு லத்தீனில் முந்திரிகை என்று மூலம் சொல்லி, 'முந்திரிகைப்படல அழற்சி' என்று ஒருவர் போட்டாரே, அதோடு இரண்டு நாள் போயிற்று. நாங்கள் முந்திரிகை என்பது திராட்சையை. தமிழ்நாட்டில் அது கஜு. பாயாசத்துக்குப் போடுகிற பருப்பு கண்ணுக்குள் எப்படி வந்தது என்று அங்கே குழம்புவார்கள். கண்ணின் பின்பகுதியை நிரப்பும் கூழுக்கு 'நுங்கு' என்றது மட்டும் எனக்குப் பிடித்தது. பனைநாட்டுக்காரனுக்கு அதைவிட விளக்கம் தேவையில்லை. ஆனால் வைத்தியர்கள் ஒப்பமாட்டார்கள்.

'நீரிறைப்பு' வேண்டாம். தோட்டக்காரர் மெஷினும் குழாயும் கொண்டு வருவார்.

சரி, களைத்துப்போன பெரும்பான்மை 'விழியகநீர்ச் சோதனை' பக்கம் நிற்கிறது. வார்டில் வேலை செய்யும் தங்கச்சி மட்டும், "நோயாளிகள் 'கண்ணுக்குள்ள தண்ணி எடுக்கிறது' என்றுதான் கதைக்கிறார்கள், அதையே போடுங்கோ" என்று விடாமல் நிற்கிறா. எனக்கு அவ சொல்வதுதான் சரியாகப் படுகிறது. சம்மதக் கையெழுத்து வைக்கிறவருக்கு ஊசி எங்கே போகிறது என்று தெரியவேண்டும்.

ஆகவே தலைப்பு 'கண்ணுக்குள் நீர் எடுத்துச் சோதித்தல்'. 'விழியகநீர்' உள்ளே, ஒரே ஒரு தடவை.

இந்தத் தலைப்பு கலைச்சொல் அல்ல, வசனம் என்று ஐயா நேற்றிரவே தனிமடல் போட்டுவிட்டார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்ததையும் நினைவூட்டியிருக்கிறார். ஐயா, உங்கள் மறுப்பைப் பதிந்துவைக்கிறேன். கண்ணாடியுடனீர், அதாவது அந்தப் பின்பகுதிக் கூழ், எடுப்பதற்குத் தனித் துண்டு வருகிறது. மிச்சச் சண்டையை அதில் பிடிப்போம்.