பிரீமியம் அதிகமுள்ள பங்குகளை எப்படிச் சலித்தெடுப்பது?

கேள்வி:
ஆப்ஷனில் கவர்டு கால் (கையில் உள்ள பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையை விற்பது) எழுதவும், முழுப் பணம் வைத்துப் புட் (பங்கைக் குறித்த விலைக்கு நம்மிடம் விற்கும் உரிமை) விற்கவும் பிரீமியம் (அந்த உரிமைக்குக் கிடைக்கும் பணம்) நல்லா கிடைக்கிற பங்குகள் வேணும். ஸ்கிரீனரில் (பங்குகளை வடிகட்டும் கருவி) ஐவிப்படி (பங்கு ஓராண்டுக்கு எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் விலை காட்டும் சதவீதம்) வரிசைப்படுத்தினா, யாரும் சீண்டாத பங்குகள்தான் மேலே வருது. எதை வைத்து வடிகட்டுவது?

பதில் 1:
பிரீமியத்தை ஸ்ட்ரைக்கால் (ஆப்ஷனில் குறித்த விலை) வகுத்துப் பாருங்க. 2,000 விலையுள்ள பங்கில் 40 என்பது 2%தான். 100 விலையுள்ளதில் 6 என்றால் 6%. ஒரே எக்ஸ்பைரி (ஆப்ஷன் முடியும் நாள்), ஏடிஎம் ஸ்ட்ரைக் (இப்போதைய பங்கு விலையை ஒட்டியது) என்று வைத்து ஒப்பிடணும், இல்லாட்டி கணக்கே தப்பு.

ஐவியை 16ஆல் வகுத்தால் ஒரு நாள் அசைவு சுமாராகக் கிடைக்கும். 48% ஐவி என்றால் தினம் 3% ஆடும் என்று சந்தை விலை போடுது. 500 விலையில், 30 நாள் ஏடிஎம் புட் 27 பக்கம் நிற்கும்.

பதில் 2:
மேலே சொன்னதோட ஒண்ணு: ஐவி ரேங்கை (ஓராண்டின் குறைந்த, அதிக ஐவிக்கு நடுவே இப்போதைய ஐவி எங்கே நிற்குது என்பது) மட்டும் நம்பாதீங்க. ஓராண்டில் குறைந்தது 30, ஒரே ஒரு நாள் 110 தொட்டது, இப்போ 50 என்றால் ரேங்க் வெறும் 25. ஆனா வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் ஐவி 50க்குக் கீழேயே இருந்திருந்தால் பெர்சன்டைல் (ஐவி இப்போதையதைவிடக் குறைவாக இருந்த நாட்களின் சதவீதம்) 80, 90 காட்டும். அந்த ஒற்றை நாள் உச்சம் ரேங்கைக் கெடுத்துடும். பெர்சன்டைலையும் சேர்த்துப் பாருங்க.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பெர்சன்டைல் 90க்கு மேல இருந்தா கண்ணை மூடிட்டு விற்கலாமா?

பதில் 3:
கூடவே கூடாது. ஏன் ஏறியிருக்குன்னு முதல்ல பாருங்க. இந்த மாத எக்ஸ்பைரியின் ஐவி 70, அடுத்த மாதம் 45 என்றால் நடுவில் காலாண்டு முடிவோ தீர்ப்போ மருந்து அனுமதியோ இருக்கு. முடிவு வந்த மறுநாள் ஐவி சரியும், அது விற்றவருக்கு லாபம்தான். ஆனா பங்கு 20% கீழே கேப்பில் (முந்தைய விலையிலிருந்து ஒரே தாவாக) திறந்தால் வாங்கின பிரீமியம் தூசு. கடந்த 30 நாளில் பங்கு உண்மையிலேயே ஆடின அளவு ஐவிக்குச் சமமாக இருந்தாலும் உங்களுக்கு அனுகூலம் ஒண்ணும் இல்லை.

சீண்டாத பங்கு பிரச்சினைக்கு: பிட் (வாங்குபவர் கேட்கும் விலை) 3.60, ஆஸ்க் (விற்பவர் கேட்கும் விலை) 4.40 என்றால் இடைவெளியே நடுவிலையில் 20%. மார்க்கெட் ஆர்டரில் (கிடைக்கிற விலைக்கு) போய்த் திரும்பினா 0.80 காலி. இடைவெளி 5%க்கு மேல் இருக்கிறதையும், ஓபன் இன்ட்ரஸ்ட் (இன்னும் முடிக்கப்படாத ஒப்பந்தங்களின் எண்ணிக்கை) சில நூறுகூட இல்லாத ஸ்ட்ரைக்கையும் முதல்லயே கழிச்சிட்டு, மிச்சத்தை மட்டும் ஐவிப்படி அடுக்குங்க. லிமிட் ஆர்டர் (நாம் குறித்த விலைக்கு மட்டும் நடக்கும் ஆர்டர்) நடுவிலையில் போடுங்க.