வயது வேறுபாடு நீக்கிய இறப்பு வீதம்: சொல் தேவை (அவசரம்)

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
அன்பர்களே, பொதுச் சுகாதார நூலின் ஓர் அத்தியாயம் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள 67 கவுண்டிகளுக்குள் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) இறப்பு வீதம் எப்படி மாறுகிறது என்பதுதான் பாடம். ஓய்வுபெற்றோர் குடியேறிய ‘தி வில்லேஜஸ்’ இருக்கும் சம்டர் கவுண்டியில் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைத் தாண்டியவர்கள். ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு என்று வெறுமனே எண்ணினால் ஏதோ கொள்ளைநோய் வந்த ஊர்போலத் தெரியும். எல்லாக் கவுண்டிகளிலும் வயதுக் கலவை 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகையைப் போலவே இருந்தால் எவ்வளவு என்று கணக்கிட்டால், சம்டர் நல்ல இடமாகிவிடுகிறது. இந்த இரண்டாவது கணக்குக்கு (ஆங்கிலத்தில் age-adjusted அல்லது age-standardised death rate) தமிழ்ச் சொல் வேண்டும். ‘வயது சரிசெய்யப்பட்ட இறப்பு விகிதம்’ என்று போட்டிருக்கிறேன். பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதியைத் திருத்தியதுபோல் இருக்கிறது.

புலவர், தஞ்சாவூர்:
தம்பி, ‘வயது’ வடசொல். ‘அகவை’ இருக்கிறதே! கண்ணகியை ‘ஈராறாண்டு அகவையாள்’ என்கிறது சிலம்பு. ‘கவுண்டி’யும் வேண்டாம். தொண்டை மண்டலம் 24 கோட்டமாக இருந்தது, கோட்டம் என்க. கோடு, கோணல், கோட்டை எல்லாம் வளைவுப் பொருளில் கிளைத்தவை. வளைத்த எல்லைக்குள் அடங்கியது கோட்டம். நீங்கள் கேட்பது ‘அகவை செவ்விய இறப்பு’.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:
ஐயா, ‘செவ்விய இறப்பு’ என்றால் நல்ல சாவு என்றல்லவா விளங்கும்! விகிதம் இரண்டு தொகைகளின் ஒப்பு, இது வீதம். வெறுமனே எண்ணிய கணக்கை நாங்கள் ‘பருமட்டான இறப்பு வீதம்’ என்று படிப்பிக்கிறோம். மற்றதற்கு ‘வயது நியமப்படுத்திய இறப்பு வீதம்’ பொருந்தும்.

மருத்துவர், மதுரை:
‘நியமம்’ என்றால் இங்கே பூசை நியமம்தான். standard deviation-ஐ நீங்கள் ‘நியம விலகல்’ என்பதை நாங்கள் ‘திட்ட விலக்கம்’ என்கிறோம். அதே வழியில் போனால் ‘திட்டப்படுத்திய’. யாரோ திட்டியதுபோல் இருக்கிறது. ‘தரப்படுத்திய’ போதுமே?

ஆசிரியை, யாழ்ப்பாணம்:
அதை மட்டும் வேண்டாம் டொக்டர். இங்கே தரப்படுத்தல் என்றால், தமிழ் மாணவர் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்த 1970களின் பல்கலைக்கழக அனுமதி முறைதான். அந்தச் சொல் வந்தால் வகுப்பில் பாடம் நடக்காது.

புள்ளியியலார், நியூஜெர்சி:
புலவர் ஐயாவுக்கு: மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. புளோரிடாவிலும் அப்படி ஒரு கோட்டம் உண்டு, யூனியன் கவுண்டி. மாநிலச் சிறைத்துறையின் மருத்துவமனை அங்கே லேக் பட்லரில் இருக்கிறது. மாநிலத்தின் பல சிறைகளிலிருந்தும் நோயுற்ற கைதிகள் வருகிறார்கள். அங்கே இறந்தால் அந்தச் சிறு கவுண்டியின் கணக்கில் ஏறுகிறது. வயதுக் கலவையைச் சமமாக்கினாலும் யூனியனின் வீதம் மிக உயரத்திலேயே நிற்கிறது, ஏனென்றால் அங்கே சிக்கல் வயதில் இல்லை. அதனால் ‘செவ்விய’, ‘நேரிய’, ‘திருத்திய’ எதுவும் கூடாது. எல்லாப் பிழையும் நீங்கிவிட்டது என்று அவை ஆசை காட்டும். நாம் செய்தது வயதை நிகராக்கியது மட்டும். ‘வயது நிகராக்கிய இறப்பு வீதம்’ என்பேன்.

மருத்துவர், மதுரை:
சரி, எனக்குப் புரிகிறது. கிராமச் சுகாதார செவிலியருக்கும் புரியும். என் ஓட்டு இதற்கே.

புலவர், தஞ்சாவூர்:
‘நிகர்’ நல்ல சொல்தான். ‘நிகராக்கிய’ எதற்கு, ‘அகவை நிகர்த்த’ என்று சுருக்கலாமே?

ஆசிரியை, யாழ்ப்பாணம்:
நிகர்த்த என்றால் ‘ஒத்த’ என்றாகிவிடும் ஐயா. வயதைப் போன்ற இறப்பு! ‘நிகராக்கிய’ எனக்குச் சம்மதம். பரீட்சைத் தாளில் எழுதினால் புள்ளி கிடைக்குமோ தெரியாது.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
‘வயது நிகராக்கிய இறப்பு வீதம்’ என்றே அனுப்புகிறேன். மற்றதற்குப் ‘பருமட்டான’. கவுண்டி கவுண்டியாகவே இருக்கட்டும்; பதிப்பாசிரியர் எப்படியும் வீதத்தை விகிதமாக மாற்றுவார்.

புலவர், தஞ்சாவூர்:
கோட்டம் பற்றி ஒருவரும் சரியான மறுப்புச் சொல்லவில்லை. ‘கூற்றம்’ என்றாலும் எனக்கு உடன்பாடே. சோழநாட்டில் அதுவும் நிலப்பிரிவுதான்.

மருத்துவர், மதுரை:
இறப்பு வீதத்துக்குப் பக்கத்திலா ஐயா கூற்றம்?