"மூடப்பட்டிருக்க வேண்டும்": மஸ்ட் ஹாவ் பீன் என்பதா, ஷுட் ஹாவ் பீன் என்பதா?

மலைக்காபி (ஏற்காடு) கேட்கிறார்:

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டராக வேலை பார்க்கிறேன். மேஸ்திரியும் களத்து மேற்பார்வையாளரும் தமிழில் எழுதும் பதிவேட்டை வாரக் கடைசியில் ஆங்கிலத்தில் எழுதி, சென்னையில் இருக்கும் முதலாளிக்கு அனுப்புவது என் பொறுப்பு. பழம் பறிக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் பதிவேடு பக்கம் பக்கமாக வளரும். அதில் பாதி வாக்கியங்கள் "ப்பட வேண்டும்", "ப்படலாம்", "ப்படக் கூடாது" என்றே முடிகின்றன.

"பறித்த பழம் அன்றைக்கே பல்பரில் போடப்பட வேண்டும்" என்பதில் எனக்குச் சிக்கல் இல்லை (பல்பர் என்பது பழத்தோலை நீக்கும் இயந்திரம்). "த செர்ரீஸ் மஸ்ட் பி பல்ப்ட் த சேம் டே" என்று எழுதிவிடுகிறேன். இந்த வாரம் வந்த வாக்கியம்தான் என்னை நிறுத்திவிட்டது: "வடக்குக் களத்துப் பார்ச்மென்ட் சனிக்கிழமை மாலையே தார்ப்பாயால் மூடப்பட்டிருக்க வேண்டும்." (பார்ச்மென்ட் என்பது பழத்தோல் நீக்கிக் களத்தில் உலரவைக்கும் காபிக்கொட்டை.)

இது "மஸ்ட் ஹாவ் பீன் கவர்ட்" என்பதா, "ஷுட் ஹாவ் பீன் கவர்ட்" என்பதா? இரண்டையும் பல இடங்களில் பார்க்கிறேன். ஒரு வாக்கியத்தில் "பி", இன்னொன்றில் "பீன்" வருவது எதனால்? மஸ்டுக்குப் பின்னால் "இஸ்", "வாஸ்" ஏன் வருவதே இல்லை? விதியை மட்டும் சொல்லாமல் காரணத்தையும் சொன்னால் நன்றி உடையவளாக இருப்பேன்.

---

அஸ்தம்பட்டி ஆசிரியர் (ஓய்வு) எழுதுகிறார்:

அம்மா, உங்கள் கேள்விக்கான காரணம் அந்தப் பதிவேட்டு வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. வினையை வாலிலிருந்து தலைக்குப் படியுங்கள்.

மூட, பட்டு, இருக்க, வேண்டும். கடைசியில் நிற்கும் வேண்டும் என்பது மஸ்ட். அதற்கு முன் நிற்கும் இருக்க என்பது ஹாவ். பட்டு என்பது பீன். தலையில் நிற்கும் மூட என்பது கவர்ட். ஆங்கிலத்தில் மஸ்ட், ஹாவ், பீன், கவர்ட் என்று வரிசையாக நிற்பவை தமிழில் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்கின்றன. "மூடப்பட வேண்டும்" என்பதில் இருக்க இல்லை. அதனால் ஹாவ் இல்லை, மஸ்ட் பி கவர்ட் என்பதோடு முடிந்தது.

இஸ், வாஸ் ஏன் வராது என்றும் கேட்டிருந்தீர்கள். "மூடப்பட்டது வேண்டும்" என்று நீங்கள் சொல்வீர்களா? மாட்டீர்கள். வேண்டும் தனக்கு முன்னால் காலமும் பாலும் காட்டாத வடிவத்தைத்தான் ஏற்கும்: மூடப்பட, இருக்க. மஸ்ட், ஷுட், கேன், மே, வில் எல்லாம் அதே குணம் உடையவை. தமக்கு அடுத்து வருவது வெறும் வடிவமாக இருக்க வேண்டும். இஸ், வாஸ் இரண்டின் வெறும் வடிவம் பி. ஹாஸ், ஹாட் இரண்டின் வெறும் வடிவம் ஹாவ். அதனால்தான் எழுவாய் ஒருமையானாலும் "இட் மஸ்ட் ஹாவ் பீன்" என்றே வருகிறது. ஹாஸ் அங்கே நுழைய இடமே இல்லை. "இரு" தனக்கு முன்னால் படு என்பதைப் பட்டு என்று மாற்றிக்கொள்வதுபோல, ஹாவ் தனக்குப் பின்னால் வரும் பி என்பதைப் பீன் என்று மாற்றிக்கொள்கிறது.

பள்ளிகளில் செய்வினையைக் கொடுத்துச் செயப்பாட்டு வினையாக மாற்று என்று பயிற்சி தருகிறோம். பிள்ளைகள் இயந்திரம்போல் மாற்றி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். தமிழ் வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்து இந்த வரிசையைக் காட்டியிருந்தால் மாற்றும் வேலையே தேவைப்பட்டிருக்காது. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அவர்கள் கையில் இருக்கும் கருவியை நாம்தான் எடுத்துக் காட்டவில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. அந்தத் தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. மலையில் இரவெல்லாம் பனி கொட்டியும் ஞாயிறு காலையில் பார்ச்மென்ட் உலர்ந்தே கிடக்கிறது. அதைப் பார்த்து, யாரோ மூடியிருக்கிறார்கள் என்று ஊகித்து எழுதியிருந்தால் மஸ்ட் ஹாவ் பீன் கவர்ட். நனைந்து கிடப்பதைப் பார்த்து, மூடாமல் விட்டுவிட்டார்களே என்று குறையாக எழுதியிருந்தால் ஷுட் ஹாவ் பீன் கவர்ட். பேச்சில் குரலே இதைக் காட்டிவிடும். எழுத்தில் அடுத்த வாக்கியம் காட்ட வேண்டும். முதலாளியைப் பொறுத்தவரை ஒன்று நல்ல செய்தி, மற்றது நட்டம். மேஸ்திரியைக் கேட்காமல் அனுப்பிவிடாதீர்கள்.

எதிர்மறையில் தமிழே பிரித்துவிடுகிறது. "மூடப்பட்டிருக்காது" என்பது ஊகம். பிரிட்டிஷ் வழக்கில் இதற்குக் கான்ட் ஹாவ் பீன் கவர்ட் என்பார்கள். "மூடப்பட்டிருக்கக் கூடாது" என்பது கண்டிப்பு. அது ஷுட் நாட் ஹாவ் பீன் கவர்ட்.

---

ஏரிக்கரை விடுதி எழுதுகிறார்:

ஐயா சொன்ன முறை எனக்கு ஓர் இடத்தில் இடிக்கிறது. எங்கள் விடுதி வாசலில் "திங்கட்கிழமை உணவகம் மூடப்பட்டிருக்கும்" என்று பலகை வைப்போம். வாலிலிருந்து படித்தால் "வில் ஹாவ் பீன் க்ளோஸ்ட்" என்று வருகிறது. ஆனால் எந்த ஊரிலும் அப்படிப் பலகை பார்த்ததில்லை. "வில் பி க்ளோஸ்ட்" என்றுதான் இருக்கிறது.

இன்னொன்று. "குப்பையை ஏரியில் போடக் கூடாது" என்பதில் படு என்பதே இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் "மஸ்ட் நாட் பி த்ரோன்" என்று பி எங்கிருந்து வந்தது?

---

அஸ்தம்பட்டி ஆசிரியர்:

இரண்டும் அருமையான கேள்விகள். முறை எங்கே நிற்காது என்பதும் தெரிய வேண்டும்.

தமிழில் இரு என்பதற்கு இரண்டு வேலை. செயல் முடிந்துவிட்டதைச் சொல்வது ஒன்று, ஒரு நிலை நீடிப்பதைச் சொல்வது மற்றொன்று. உங்கள் பலகையில் இருப்பது இரண்டாவது. உணவகம் திங்கட்கிழமை முழுவதும் மூடிய நிலையில் இருக்கும். "அன்று முழுவதும்" என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் ஹாவ் வேண்டாம், வில் பி க்ளோஸ்ட் போதும். "ஏற்கெனவே", "அதற்குள்" என்பவை பொருந்தினால்தான் ஹாவ் பீன் வரும்: நீங்கள் மலையேறி வருவதற்குள் கதவு மூடப்பட்டிருக்கும், வில் ஹாவ் பீன் க்ளோஸ்ட். குரங்குத் தொல்லைக்காக ஜன்னல்களைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் "மஸ்ட் பி கெப்ட் க்ளோஸ்ட்" என்பதே தெளிவு. மூடியே வைத்திருக்க வேண்டும் என்ற பொருள் அப்போதுதான் வரும்.

குப்பை வாக்கியத்தில் யார் போடக் கூடாது என்று சொல்லாமலே தமிழ் நடக்கிறது. குப்பையை என்று ஐ உருபு போட்டுத் தொடங்கிவிடலாம். கட்டளை வாக்கியத்தைத் தவிர, ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் இடம் காலியாக இருக்கக் கூடாது. யார் என்று சொல்ல விருப்பம் இல்லாதபோது குப்பையே அந்த இடத்துக்கு வருகிறது. அதனால் பி வந்தாக வேண்டும். ஐ உருபில் தொடங்கும் எழுவாய் இல்லாத வாக்கியத்தைக் கண்டால், இந்த இடத்தில் பெரும்பாலும் செயப்பாட்டு வினைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நம் பக்கத்தில் மிக அதிகம். "மலைப்பாதையில் மரம் விழுந்திருக்கலாம்." இதில் மரத்தை யாரும் வீழ்த்தவில்லை, அது தானாக விழுந்தது. படு வர முடியாத இந்த வினைக்கு ஆங்கிலத்திலும் பீன் வராது: மே ஹாவ் ஃபாலன். விபத்து நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதும் அப்படியே, மஸ்ட் ஹாவ் ஹாப்பன்ட். "மஸ்ட் ஹாவ் பீன் ஹாப்பன்ட்" என்று அலுவலகக் கடிதங்களில்கூட எழுதுகிறார்கள்.

---

கொலுசுப் பட்டறை (செவ்வாய்ப்பேட்டை) எழுதுகிறார்:

வெளியூர் வியாபாரிகளுக்கு ஆங்கிலத்தில் எழுதுகிற அனுபவத்தில் ஒன்று சேர்க்கிறேன். "சரக்கு வெள்ளிக்கிழமை அனுப்பப்படலாம்" என்பதை "மே பி சென்ட்" என்று எழுதினால், வருமோ வராதோ என்று வாங்குபவர் சந்தேகப்படுவார். அனுப்ப வாய்ப்பு இருக்கிறது, சரக்கு தயார் என்று சொல்ல வேண்டுமானால் "கேன் பி சென்ட்". வாக்குக் கொடுக்கிறோம் என்றால் "வில் பி சென்ட்". லாம் என்பதைப் பார்த்ததும் மே போட்டுவிடக் கூடாது. அந்த மே, பி இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதிவிட்டால் ஒருவேளை என்ற பொருளாகி வாக்கியமே உடைந்துவிடும்.

---

மலைக்காபி:

அனைவருக்கும் நன்றி. மேஸ்திரி அண்ணனைக் கேட்டேன். பார்ச்மென்ட் நனைந்துதான் போயிருக்கிறது. ஆகவே "ஷுட் ஹாவ் பீன் கவர்ட் ஆன் சாட்டர்டே ஈவ்னிங், பட் இட் வாஸ் நாட்" என்று முடித்து எழுதிவிட்டேன்.

அதே பக்கத்தில் "இந்தக் குவியல் மறுபடி கழுவப்பட வேண்டாம்" என்றும் இருக்கிறது. வேண்டும் மஸ்ட் என்றால், வேண்டாம் மஸ்ட் நாட் தானே ஐயா?

---

அஸ்தம்பட்டி ஆசிரியர்:

இல்லை அம்மா. மஸ்ட் நாட் பி வாஷ்ட் என்றால் கழுவவே கூடாது என்ற தடை. வேண்டாம் என்பது பெரும்பாலும் தேவையில்லை என்பதுதான். அதற்கு நீட் நாட் பி வாஷ்ட் அகெய்ன். கழுவினால் கெட்டுவிடும் என்ற எண்ணத்தில் மேஸ்திரி எழுதியிருந்தால் மட்டும் மஸ்ட் நாட். யாராவது ஏற்கெனவே மறுபடி கழுவிவிட்டு, அந்த வேலை வீண் என்று சொல்ல வந்திருந்தால் நீட் நாட் ஹாவ் பீன் வாஷ்ட் அகெய்ன். இதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.